கிணற்றுக்குள் போட்ட பெலெற் பேணி

என் மகள் துப்பாக்கி சுடப் பழகுகிறாள் என்பதை யாரிடமும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடிவதில்லை. சொன்னவுடனேயே கேட்பவரின் முகம் மாறும். பிறகு நான் வரிசையாக விளக்க வேண்டும்: இது விளையாட்டு, காற்றழுத்தத்தில் வேலை செய்கிற எயார் ரைபிள், பத்து மீற்றர் தூரத்தில் கடதாசி இலக்கு, மண்டபத்துக்குள்தான் சுடுவார்கள், ரைபிள் கழகத்து இரும்பு அலுமாரியில் பூட்டிக் கிடக்கும், பொலிஸுக்கும் தெரியும். இவ்வளவும் சொல்லி முடித்த பிறகும் எங்கள் ஊரான புத்தூரில் அநேகம் பேர், “ஏன், பிள்ளைக்கு வேறை விளையாட்டுக் கிடைக்கேல்லையோ?” என்றுதான் கேட்பார்கள். எனக்கு அலுத்துப் போயிற்று. இப்போதெல்லாம் கேட்டால் “வலைப்பந்து” என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

வேலை என்றால், சந்தியில் உள்ள மருந்துக் கடையில் காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் ஆறு மணி வரை நிற்பது. பதினாறு வருடமாக நிற்கிறேன். நீரிழிவுக் குளிசை, அழுத்தக் குளிசை, பத்தாகவும் முப்பதாகவும் எண்ணிப் பையில் போட்டு, மேலே “சாப்பாட்டுக்கு முன்”, “சாப்பாட்டுக்குப் பின்” என்று எழுதிக் கொடுப்பது. என் கணவர் வெங்காயத் தோட்டம் செய்கிறார். மகளுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிறாள். நாங்கள் இருக்கிற வீடு எனக்கு என் அப்பா சீதனமாகத் தந்த வீடு. கிணறும் அவர் வெட்டுவித்த கிணறு. அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே இவளை ஒரு ரீச்சர் பிடித்துக்கொண்டார். விளையாட்டுப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணம் ரவுணில் சிறிய மண்டபம் ஒன்றை எடுத்துச் சுடும் கழகம் நடத்துகிறார். ஓடுகிற பிள்ளை, பாய்கிற பிள்ளை எல்லாவற்றையும் விட்டுவிட்டு இவளைக் காட்டி, “உவளுக்கு அசையாமல் நிக்க வருகுது. அது ஒருத்தருக்கும் லேசிலை வராது” என்றாராம். வீட்டில் ஒரு தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவி வைக்க எழும்பாத பிள்ளைக்கு அசையாமல் நிற்க வருவதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இருக்கவில்லை.

பெலெற் என்பதை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஈயத்தில் செய்த சின்னச் சாமான், மிளகை விடக் கொஞ்சம் பெரிது. இடுப்புச் சிறுத்து, கீழ்ப்பக்கம் பாவாடை விரிந்தது போல இருக்கும். போட்டிக்குப் பாவிக்கிறதற்குத் தலை தட்டை. அது கடதாசியில் துளை போடும்போது கத்தரித்தது போல வட்டமாக விழும், புள்ளி பார்க்கலாம். மலிவான பெலெற்றுகளில் தலை ஒரு பக்கம் சரிந்திருக்கும், பாவாடை நெளிந்திருக்கும். அது கடதாசியைக் கிழித்துக்கொண்டு போகும், பத்தா ஒன்பதா என்று சண்டை வரும். இரண்டும் ஒரே மாதிரித் தட்டையான தகரப் பேணியில்தான் வரும். நல்ல பேணி எங்கள் ஊருக்குச் சும்மா வராது. அனுமதி, கடிதம், கொழும்பில் ஒருவர், அவருக்குத் தெரிந்த இன்னொருவர் என்று மாதக்கணக்கில் இழுபடும். மலிவுப் பேணியே எங்களுக்கு மலிவில்லை.

அவளுக்கு உண்மையில் ஆசை பெரிய ரைபிளில், பொயின்ற் டூ டூ என்பார்களே, அதில். ஐம்பது மீற்றர். அதற்குப் பெலெற் இல்லை, வெடிமருந்து அடைத்த சின்ன ரவை. அடிப்பக்கத்து விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும். தெற்கே ஒரு முறை கழகத்தோடு பயிற்சிக்குப் போனபோது பத்து ரவை கொடுத்தார்களாம். ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் ஒரு அதிகாரி நின்று வெடித்த ரவையின் வெறும் கோதைக் கையில் வாங்கி எண்ணினாராம். “ஒரு கோது கொண்டுவந்து காட்டுவம் எண்டு பாத்தன் அம்மா, விடமாட்டாங்களாம்” என்று கவலைப்பட்டாள். விடாதது நல்லது என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். ரவைக் கோது ஒன்று வீட்டுக்குள் கிடந்தால் எனக்கு நித்திரை வராது. அந்த ரவை ஒன்றின் விலைக்கு ஒரு பிடி பெலெற் சுடலாம் என்பதால் ரீச்சர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. “இதிலை கை நிண்டால் அதிலையும் நிக்கும்” என்பதோடு முடித்துவிடுவார்.

மலிவுப் பேணியில் பழகுவதற்கு ஒரு வழி உண்டு. தெரிந்தெடுப்பது. பழைய படச்சட்டம் ஒன்றின் கண்ணாடியைக் கழற்றி, ஒரு பக்கத்துக்கு இரண்டு கொப்பியை அண்டை கொடுத்துச் சரிவாக வைத்து, பெலெற்றை ஒவ்வொன்றாக உருட்ட வேண்டும். நல்லது ஒரே வளைவாக உருண்டு போகும். பாவாடை நெளிந்தது தள்ளாடும். தள்ளாடுகிறதை எடுத்துப் புறம்பாகப் போட வேண்டும். இந்த வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. “நீங்கள் குளிசை எண்ணி எண்ணிக் கண் பழகினனீங்கள் அம்மா, நான் பாத்தால் எல்லாம் ஒண்டு மாதிரித்தான் இருக்கு” என்றாள். பகல் முழுக்க ஊராரின் குளிசை, இரவுச் சாப்பாட்டுக்கு முன் இவளின் பெலெற். என் கண் சும்மா இருக்க விதிக்கப்படவில்லை.

அதிலும் பாதி நாள் அவள் பெலெற் இல்லாமல்தான் பழகினாள். ரைபிளை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஒரு பலகையை ரைபிள் அளவுக்கு வெட்டி, முனையில் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, சுவரில் ஒட்டிய கறுப்புப் பொட்டைப் பார்த்தபடி நிற்பாள். மூச்சை எடுப்பாள், பாதி விடுவாள், அப்படியே நிற்பாள். போத்தலில் தண்ணீர் ஆடக்கூடாது. ஒரு மணித்தியாலம். என் கணவர் தோட்டத்தால் வந்து மண்வெட்டியைச் சாத்திவிட்டு, “இவ்வளவு நேரம் நிண்டு ஒரு வெடியும் வைக்கேல்லையோ? என்ரை வெங்காயத்துக்கு வாற காகமும் உதுக்குப் பயப்பிடாது” என்று பகிடி பண்ணுவார். அவள் சிரிக்க மாட்டாள். சிரித்தால் தண்ணீர் ஆடும்.

போன வருடம் தெற்கில் ஒரு தெரிவுப் போட்டி வந்தது. அதில் தேறினால் தேசியப் பயிற்சிக் குழுவில் இடம். இடம் கிடைத்தால் ரைபிள், பெலெற், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். அந்தப் பொயின்ற் டூ டூவும் அங்கே கையில் கிடைக்கும். நான்கு வருடம் அவள் பலகையைப் பிடித்து நின்றது அந்த ஒரு நாளுக்குத்தான். ரீச்சர் எங்கெங்கோ கேட்டு ஒரேயொரு போட்டிப் பேணி எடுப்பித்தார். அவளுடைய ரைபிளில் பரீட்சித்துப் பார்த்து, “இது உன்ரை துவக்குக்கு ஒத்துப்போகுது” என்று சொல்லி, நல்லதில் நல்லதாக நூறு தெரிந்து வைக்கும்படி பேணியை எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். “இதை விட்டால் வேறை இல்லை, கவனம்” என்று எனக்குத் தொலைபேசியிலும் சொன்னார். கழகத்தின் கடிதம் ஒன்றும் கூட வந்தது. இந்தப் பேணி இன்ன கழகத்தின் பயிற்சிக்கு உரியது என்று மூன்று மொழியிலும் எழுதி, முத்திரை குத்தி, பொலித்தீன் உறைக்குள் போட்டு, இறப்பர் வளையத்தால் பேணியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. அன்று எனக்கு லீவு. அவள் ரவுணுக்குப் பயிற்சிக்குப் போய்விட்டாள், கணவர் தோட்டத்தில். வீட்டுக்குள் வெளிச்சம் போதாதென்று கிணற்றடியில் மர வாங்கைப் போட்டு, கண்ணாடியைச் சரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். இறப்பர் வளையத்தைக் கூட இன்னும் கழற்றவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை, இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

“அக்கா, ஆமியும் பொலிசும் ஒழுங்கைக்குள்ளை வாறாங்கள். வீடு வீடாய்ப் பூந்து பாக்கினம்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நாய்கள் குரைத்தன. ஒழுங்கைத் திருப்பத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசித்திருந்தால் கடிதம் ஞாபகம் வந்திருக்கும். கை பேணியை எடுத்தது, கிணற்றுக் கட்டுக்கு மேலால் போட்டது. கீழே கல்லில் தகரம் அடிபட்ட சத்தமும் அதன் பின் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன. கண்ணாடியைக் கவிழ்த்து வாங்கின் மேல் வைத்து, அதற்கு மேல் துவாயையும் போட்டேன். பிறகு வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீர் அள்ள வந்தவள் போல நின்றேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். முப்பது வருடம் செய்யாத வேலை, ஒரு பிழையும் விடவில்லை.

படலையைத் திறந்துகொண்டு முன்னால் வந்தவர் சுகாதாரப் பரிசோதகர். கையில் கடதாசிக் கோவை. பின்னால் பொலிஸார் இருவர், இராணுவப் பெடியன்கள் இருவர். டெங்குச் சோதனை. மழை விட்ட கிழமை, ஊரெல்லாம் நுளம்பு. கடையில் நானே அந்தக் கிழமை முழுக்கக் காய்ச்சல் குளிசை எண்ணிக் கொடுத்திருக்கிறேன், எனக்குத் தெரியாத விஷயமா.

“அம்மா, தண்ணி தேங்கிற பேணி, சிரட்டை, பழைய ரயர் ஏதும் கிடக்கோ?” என்று கேட்டார்.

“ஒண்டும் இல்லை” என்றேன்.

அவர் வளவைச் சுற்றிப் பார்த்தார், பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்த்தார், பிறகு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இறப்பர் வளையத்தை விட்டுக் கழன்று, பொலித்தீன் உறையோடு, முத்திரை மேலே தெரிய, கடிதம் மிதந்துகொண்டிருந்தது.

“குடிக்கிற கிணத்துக்குள்ளை குப்பை போடக்கூடாதம்மா” என்றார். “கொஞ்சம் கப்பி மீன் வாங்கி விடுங்கோ. நுளம்புக் குடம்பியைத் தின்னும்.”

ஓம் என்றேன். இராணுவப் பெடியன் ஒருவன், மகளை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும், உடைந்த தமிழில் குடிக்கத் தண்ணீர் கேட்டான். காலையில் அள்ளி வைத்த குடத்திலிருந்து வார்த்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, செம்பை இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். அவர்கள் போய்விட்டார்கள். நான் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

என் அப்பா சைக்கிள் திருத்துகிறவர். வீட்டு முன் கொட்டிலில்தான் கடை. சைக்கிள் அச்சுகளுக்குப் போடுகிற இரும்புக் குண்டுமணிகளைக் கிறீஸ் பூசி, ரின்பால் பேணி ஒன்றில் நிறைத்து வைத்திருப்பார். யுத்த காலத்துச் சுற்றிவளைப்பு நாட்களில் அந்தக் குண்டுமணியைக் கண்டால் வெடிகுண்டுக்குப் போடவோ என்றுதான் கேட்பார்கள், அது எல்லோருக்கும் தெரியும். ரோச்சுக்குப் போடும் பற்றறிக்கே பதில் சொல்ல வேண்டிய காலம் அது. ஒரு காலை நாய்கள் குரைக்க, அப்பா பேணியை என் கையில் தந்து கிணற்றுப் பக்கம் கண்ணைக் காட்டினார். எனக்குப் பன்னிரண்டு வயது. ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு நின்றேன். அன்று வந்தவர்கள் அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. போட்டதை வெளியே எடுக்கப் பயம், அதன் பிறகு வேறு குண்டுமணி கிடைக்கவும் இல்லை. சைக்கிள் கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார், பிறகு கொட்டிலில் விறகு அடுக்கினோம். அந்த வேலையை அவர் மறுபடி தொடவில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் கன காலம். கிணற்றைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் கதைத்ததில்லை.

கணவர் மத்தியானம் சாப்பிட வந்தபோது சொன்னேன். கை கழுவப் போனவர் அப்படியே நின்றார்.

“நீர் ஏன் எறிஞ்சனீர்? கடிதம் கிடந்ததுதானே?”

“தெரியேல்லை.”

அவர் என்னைப் பார்த்தார். அவரும் இந்த மண்ணில் வளர்ந்தவர்தான். “சரி, விடும். நாளைக்குத் தோட்டத்து மிசினைக் கொண்டுவந்து இறைப்பம். நல்ல காலம் எங்கடை கிணறு நிலாவரை இல்லை” என்றார். அடி காணமுடியாத கிணறு என்று பேர் பெற்ற நிலாவரை எங்களுக்குப் பக்கம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈயம் விழுந்த தண்ணீர் என்று அன்று முழுக்கப் பக்கத்து வீட்டில் வாங்கித்தான் சமைத்தேன்.

நாலு மணிக்கு மகள் வந்தாள். வாளியால் அள்ளியெடுத்த கடிதத்தை நான் கொடியில் காயப் போட்டிருந்தேன்.

“பெலெற் கை தவறிக் கிணத்துக்குள்ளை விழுந்திட்டுது பிள்ளை” என்றேன்.

அவள் கிணற்றைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள். “கடிதமும் கை தவறினதோ அம்மா?” என்று மட்டும் கேட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று பலகையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை மிசினைப் பூட்டி இறைக்கத் தொடங்கினோம். நான் கடைக்கு உள்ளதைச் சொல்லக் கூச்சப்பட்டு, காய்ச்சல் என்று பொய் சொன்னேன். இரண்டரை மணித்தியாலம் தண்ணீர் வாய்க்காலால் வாழைக்குப் போனது. அடி தெரிந்ததும் கணவர் கயிற்றைப் பிடித்து இறங்கினார். சேற்றை வாளியில் நிறைத்துவிட, மகளும் நானும் இழுத்து, மாவரிக்கும் அரிதட்டில் கொட்டிக் கழுவினோம். பேணி கல்லில் அடிபட்டு மூடி திறந்திருந்தது. பெலெற்றுகள் சேற்றோடு சேறாக வந்தன. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஈயம் மெதுவானது, பாதி நெளிந்துவிட்டது. நெளியாததன் பாவாடைக்குள் மணல் இறுகிப் போயிருந்தது. மணல் புகுந்த பெலெற்றைச் சுட்டால் குழலின் உட்புறம் கீறிவிடும், ரீச்சர் தொடவும் விடமாட்டார். அதை மகள் எனக்குச் சொல்லவில்லை. எனக்கே தெரியும். தெரிந்துகொண்டும் அரித்துக்கொண்டிருந்தேன்.

“இதென்ன?” என்று கீழேயிருந்து கணவர் கேட்டார். அடுத்த வாளியில் ஒரு கட்டி வந்தது. துருப்பிடித்த தகரம், உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிப்போன இரும்பு மணிகள். தேங்காய்ப் பாதி அளவு. மகள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மா, இது ஆர் போட்டது?”

“நான்தான்.”

அப்போதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கண்ணைக் காட்டியது, வாளி, நேற்று வேலிக்கு மேலால் கேட்ட குரல், சப்பாத்துச் சத்தம். கை தவறவில்லை, நான்தான் எறிந்தேன் என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடக் கோபம். என் மேல் கோபம், அந்தப் பழைய காலத்தின் மேல் கோபம், இன்னும் என் கைக்குள் குடியிருந்துகொண்டு வாடகையும் தராமல் பிள்ளையின் வாழ்க்கையில் கை வைக்கிற அந்தப் பயத்தின் மேல் கோபம். நான் அழுதேன். கணவர் கிணற்றுக்குள் நின்றபடி, “கயிறைப் பிடியுங்கோ, நான் ஏறப்போறன்” என்றார். அழுகையை நிறுத்திவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன்.

மகள் ஒரு கல்லை எடுத்து அந்தக் கட்டியில் தட்டினாள். ஒரு மூலை உடைந்தது. உள்ளே கிறீஸுக்குள் கிடந்த இரண்டு மூன்று மணிகள் இன்னும் வெள்ளையாக இருந்தன. அவற்றைப் பாவாடையில் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ரீச்சருக்கு நானே தொலைபேசி எடுத்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன்.

“என்னட்டை இருக்கிற மலிவுப் பேணியிலை நல்லதாய்ப் பொறுக்கித் தாங்கோ” என்றார். “வேறை வழி இல்லை. நீங்கள் பொறுக்கினால் சரியாய்த்தான் இருக்கும்.”

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று பின்னேரம் கண்ணாடியில் உருட்டினேன். இரண்டு பேணியில் நூறு தேறுவதற்குள் கண் எரிந்தது. மகளும் ரீச்சரும் இரவு பஸ்ஸில் தெற்கே போனார்கள். வேறு ஒருவரும் போகவில்லை. எங்களுக்கு எல்லாரும் போகச் செலவு கட்டாது. நான் கடையில் நின்று குளிசை எண்ணினேன். அன்று இரண்டு பேருக்கு எண்ணிக்கை பிழைத்து, அவர்கள் திரும்பி வந்தார்கள்.

அவள் தேறவில்லை. தேறியவர்களில் கடைசி இடத்துக்கு வந்த பிள்ளைக்கும் இவளுக்கும் இரண்டு புள்ளிதான் வித்தியாசமாம். “நல்ல பெலெற் எண்டாலும் உப்பிடித்தான் வந்திருக்கும் அம்மா. ஏழாவது வெடிக்கு எனக்கே கை ஆடினது” என்றாள். என்னைத் தேற்றச் சொன்னாளோ, உண்மையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நம்பவில்லை. இரண்டு புள்ளி என்பது இரண்டு பெலெற். பாவாடை நெளிந்த இரண்டு பெலெற் என் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். போட்டிப் பேணியாக இருந்திருந்தால் தப்புவதற்கு ஒன்றும் இருந்திராது. இதை நான் எத்தனை தரம் கணக்குப் பார்த்தாலும் விடை மாறுவதில்லை.

இந்த வருடம் தெரிவுப் போட்டி மறுபடி வருகிறது. ரீச்சர் மறுபடி யார் யாரையோ பிடித்து ஒரு பேணி எடுப்பித்தார். மகள் அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள், அதே கடிதம், அதே இறப்பர் வளையம்.

“எனக்கு வேண்டாம் பிள்ளை. உன்ரை அறைக்குள்ளை வை. நீயே பார்” என்றேன்.

“எனக்குக் கண் பிடிக்காது. நீங்கள்தான் பாக்க வேணும்.”

“என்ரை கையை நம்பாதை.”

அவள் கண்ணாடியை எடுத்துக் கொப்பியை அண்டை கொடுத்தாள். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் கிணற்றடிக்குப் போகவில்லை, குசினி மேசையில் வைத்துப் பார்த்தேன்.

நேற்று முன்தினம் மழை விட்ட காலை, நான் மேசையில் உருட்டிக்கொண்டிருக்க, நாய்கள் குரைத்தன. இம்முறை வேலிக்கு மேலால் ஒருவரும் சொல்லவில்லை. சப்பாத்துச் சத்தம் எனக்கே தெரிந்தது. நான் எழும்பிவிட்டேன். பேணி கையில். பின்கதவு திறந்திருந்தது, கிணறு தெரிந்தது. டெங்குக்காரர்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கால் வாசற்படியைத் தாண்டிவிட்டது.

மகள் முற்றத்தில் பலகையைப் பிடித்தபடி நின்றவள், பலகையைச் சுவரில் சாத்திவிட்டு வந்து என் முன்னால் நின்றாள். பேணியைப் பறிக்கவில்லை. பேணியைப் பிடித்திருந்த என் கையைத் தன் இரண்டு கையாலும் மூடிப் பிடித்தாள்.

“மூச்சை எடுங்கோ” என்றாள். “பாதி விடுங்கோ. அப்பிடியே நில்லுங்கோ.”

நின்றேன். அவளுடைய கை அசையவில்லை. படலை திறந்தது. அதே சுகாதாரப் பரிசோதகர், பின்னால் சீருடைக்காரர் இருவர். அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். போன வருடம் நாங்கள் விட்ட கப்பி மீன் ஓடித் திரிந்தது, தலையை ஆட்டிக்கொண்டார். வளவைச் சுற்றி வந்தார். நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி குசினி வாசலில் நிற்பதைக் கண்டு அவருக்கு விசித்திரமாக இருந்திருக்கும்.

“கையிலை என்னம்மா?” என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வலைப்பந்து என்று சொல்ல முடியாத இடம்.

“பெலெற்” என்றேன். “எயார் ரைபிளுக்குப் போடுறது. மகள் சுடுறவள், போட்டிக்கு. கடிதம் இருக்கு.”

சீருடைக்காரர் இருவரும் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள், ஒருவர் மகளைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பரிசோதகர் கடிதத்தைக் கேட்கவே இல்லை. கோவையில் ஏதோ எழுதினார்.

“முடிஞ்ச பிறகு பேணியை வெளியிலை போடாதேங்கோ, மழைத்தண்ணி தேங்கும். கவிட்டு வையுங்கோ” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

படலை சாத்தப்பட்ட சத்தம் கேட்டது. மகள் தன் கையை எடுத்தாள். என் கை திறக்கவில்லை. நான் திறக்கத்தான் பார்த்தேன், அது கேட்கவில்லை. அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேணியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, திரும்பப் பலகையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.